லேசருக்கு முன்னால் ஒரு நகத்துண்டு

பூஞ்சை பிடித்து மஞ்சளான கால் கட்டைவிரல் நகத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டு, அது நகர்கிறதா என்று மாதாமாதம் அளந்து பார்ப்பது கொஞ்சம் கிறுக்குத்தனமான வேலைதான். நான் அதைப் பதினான்கு மாதம் செய்தேன்.

மஞ்சள் முடிந்து நல்ல நகம் தொடங்கும் இடத்தில் குறுக்காக ஒரு சின்னக் கோடு போட வேண்டும். நகம் வளர வளரக் கோடு நுனியை நோக்கிப் போகும். மஞ்சளும் அதோடு சேர்ந்து வெளியே போனால் சிகிச்சை வேலை செய்கிறது. கோடு முன்னே போக, மஞ்சள் அதைத் தாண்டி வேர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தால் பூஞ்சையின் கை ஓங்கியிருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. இந்த வித்தை எனக்குத் தெரியவந்தபோது, லேசர் சிகிச்சைக்குப் போய்ப் பணத்தையும் ஏழு மாதத்தையும் செலவழித்து முடித்திருந்தேன்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

இடது கால் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. வலி இல்லை, அரிப்பு இல்லை. அதனால் கண்டுகொள்ளவில்லை. ஒரு வருடத்தில் புள்ளி பட்டையானது, அடுத்த வருடம் நகம் முழுக்கப் பரவியது. நகம் தடித்து, அடியில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஏதோ சேர ஆரம்பித்தது. நகவெட்டியின் வாய்க்குள் நகம் நுழையவில்லை. எந்தச் சாக்ஸ் போட்டாலும் அதே இடத்தில் ஓட்டை விழுந்தது. இதற்கிடையே வலது காலின் இரண்டாவது விரல் நகமும் தடித்து நிறம் மாறியது. சரி, அதுவும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இந்தத் தப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டு வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். வினிகரில் காலை ஊறவைத்தேன், டீ ட்ரீ எண்ணெய் தடவினேன், மருந்துக் கடையில் நானாகவே கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினேன். களிம்பு மேல்தோலுக்கானது, தடித்த நகத்துக்குள் அது இறங்காது. ஓட்டுக்கூரை மேல் தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கிற செடி வளரும் என்று காத்திருப்பது மாதிரி.

அப்புறம்தான் லேசர் விளம்பரம் கண்ணில் பட்டது. மாத்திரை வேண்டாம், வலி இல்லை, மூன்றே தடவை. மாத்திரை ஈரலைப் பாதிக்கும் என்று எங்கோ படித்துப் பயந்துபோயிருந்த எனக்கு அந்த மூன்று வரியும் தேனாக இனித்தன. போனேன். அங்கிருந்தவர் காலைப் பார்த்தார். பத்து விநாடி இருக்கும். "பூஞ்சைதாங்க, ரெண்டு நகத்துலயும் இருக்கு" என்றார். நகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

லேசர் எப்படி இருக்கும் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் சின்ன மின் அரம் ஒன்றை வைத்து நகத்தின் மேற்பரப்பைத் தேய்த்து மெலிதாக்கினார்கள். மாவு மாதிரித் தூள் பறந்தது, பக்கத்தில் ஓர் உறிஞ்சுக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அது இருந்தது நல்லது, ஏனென்றால் அந்தத் தூளில் உயிருள்ள பூஞ்சையும் இருக்கலாம். பிறகு எனக்கு ஒரு கண்ணாடி, இயக்குபவருக்கு ஒரு கண்ணாடி. இது சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அல்ல, அந்த லேசரின் அலைநீளத்தைத் தடுப்பதற்கென்றே செய்தது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போய்ச் சுட்டுவிடும். கண்ணாடி கொடுக்காமல் யாராவது லேசரைக் கையில் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைப்பிடி நகத்தின் மேல் வட்டம் வட்டமாக ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது, அது குறி காட்டுவதற்கான விளக்கு. நிஜமான லேசர் எப்போது விழுகிறது என்று நகம்தான் சொல்லும். முதல் சில விநாடிகள் ஒன்றுமே இல்லை. பிறகு இளஞ்சூடு. பிறகு சூடான டம்ளரைத் தொட்ட மாதிரி. அதற்கப்புறம் ஊசி முனையைச் சூடாக்கி நகத்துக்கடியில் வைத்தது போல் ஒரு சுருக், நான் காலை இழுத்துக்கொண்டேன். "தாங்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திடுவேன்" என்றார். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி அடித்தார். ஒரு நகத்துக்கு மூன்று சுற்று. முடி கருகிய நாற்றம் லேசாக வந்தது. வலியில்லை என்ற விளம்பரம் பொய்யென்று சொல்ல மாட்டேன், தாங்கமுடியாத வலி இல்லை. ஆனால் நீங்கள் காலை இழுக்கப்போகிறீர்கள்.

முடித்துவிட்டு எழுந்து நடந்தே வந்துவிட்டேன். கட்டு இல்லை, ஓய்வு இல்லை. லேசரின் பெரிய சௌகரியம் இதுதான், இதை மறுக்க முடியாது.

ஒரு மாத இடைவெளியில் மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் முறை முடிந்ததும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அசந்துவிட்டேன். நகம் பாதிக்குப் பாதி சுத்தமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது: முதல் படம் நகத்தைத் தேய்ப்பதற்கு முன்னால் எடுத்தது, கடைசிப் படம் தேய்த்து மெருகேற்றிய பிறகு எடுத்தது. தடித்த மஞ்சள் நகத்தை அரத்தால் தேய்த்தாலே பார்க்க முன்னேற்றமாகத்தான் இருக்கும். இரண்டு மாதத்தில் கால் நகம் அந்த அளவு வளரவே வளராது. கை நகம் மாதம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளரும், கால் கட்டைவிரல் நகம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். முழு நகமும் புதிதாக வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் பிடிக்கும். கெட்டுப்போன நகத்தை லேசராலும் சரி, மாத்திரையாலும் சரி, நல்ல நகமாக மாற்ற முடியாது. அது வளர்ந்து வெட்டுப்பட்டு வெளியே போகத்தான் வேண்டும். ஆகவே மூன்று மாதத்தில் யாராவது அழகான படம் காட்டினால், நகம் வேர்ப்பக்கத்திலிருந்து சுத்தமாகியிருக்கிறதா, இல்லை மேலே மட்டும் பளபளக்கிறதா என்று பாருங்கள். வேர்ப்பக்கம்தான் பேசும்.

என் வேர்ப்பக்கம் கொஞ்சம் பேசத்தான் செய்தது. ஐந்தாம் மாதம் இடது கட்டைவிரலில் வேரை ஒட்டி மூன்று மில்லிமீட்டர் போல இளஞ்சிவப்பாக நல்ல நகம் தெரிந்தது. வலது காலில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழாம் மாதம் இடது நகத்தின் ஒரு பக்கத்தில், நுனியிலிருந்து வேரை நோக்கி, ஈட்டி மாதிரி ஒரு மஞ்சள் கீற்று அந்த நல்ல நகத்துக்குள்ளேயே ஏறியிருந்தது. மறுபடியும் மூன்று தடவை அடிக்கலாம் என்றார்கள், சலுகை விலையாம். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு தோல் டாக்டரிடம் போனேன்.

அவர் நகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி: "எந்த டெஸ்ட்ல பூஞ்சைன்னு வந்துச்சு?" நான் முழித்தேன்.

உருக்குலைந்த கால் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை என்று அவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. சோரியாசிஸ் என்ற செதில் விடும் தோல் நோய் நகத்தைத் தடிக்கவைக்கும், மஞ்சளாக்கும். லைக்கன் பிளானஸ் என்றொரு தோல் நோய் நகத்தைச் சிதைக்கும். எல்லாவற்றையும் விடச் சாதாரணமான காரணம், ஷூ நாள் முழுக்க இடிப்பது. வெறும் கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிப்பது அனுபவமுள்ளவர்களுக்கே கஷ்டம்.

என்னை எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, வலது காலைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்தார். பிறகு நான் தினமும் போடும் ஷூவை அந்தப் படத்தின் மேல் வைத்தார். இரண்டாவது விரல் ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது! எனக்குக் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளம், நிறையப் பேருக்கு அப்படித்தான். அதோடு வலது கால் இடதை விடச் சற்றே பெரிது. ஷூ கடையில் எப்போதும் இடது காலில் போட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறேன். வருடக்கணக்காக அந்த விரல் நுனி தோல் சுவரில் முட்டி முட்டி, நகம் தன்னைத் தடித்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் அவர் அதையும் ஊகமாக விடவில்லை. இரண்டு நகத்திலிருந்தும் மாதிரி எடுத்தார். அதற்கு முன் எல்லாக் களிம்பையும் சில வாரம் நிறுத்தச் சொன்னார், இல்லாவிட்டால் பூஞ்சை இருந்தாலும் பரிசோதனையில் தலைகாட்டாதாம். மாதிரி எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நகத்தின் நுனித்துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால் போதாது. கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கிற எல்லைக்குக் கிட்டே, நகத்துக்கடியில் இருக்கிற பொடியைச் சுரண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள பூஞ்சை அங்கேதான் முன்னேறிக்கொண்டிருக்கும், நுனியில் பெரும்பாலும் செத்ததுதான் இருக்கும்.

ஒரு பங்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள், அது கிட்டத்தட்ட உடனே தெரிந்துவிடும். ஒரு பங்கைக் கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க வைத்தார்கள், அதற்கு நாலு வாரம் வரை ஆகும். ஒரு துண்டை பிஏஎஸ் என்ற சாயமேற்றிப் பார்க்க அனுப்பினார்கள். ஏன் இத்தனை என்று கேட்டேன். கல்ச்சர் பல சமயம் பூஞ்சை இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும், ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்றார்.

முடிவு வந்தது. இடது கட்டைவிரல்: டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். கால் நகப்பூஞ்சையில் பெரும்பகுதிக்குக் காரணமான ஆசாமி. கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது இதன் குணம், நம் நகம் முழுக்க முழுக்கக் கெரட்டின். வலது இரண்டாம் விரல்: எதிலும் பூஞ்சை இல்லை.

அதாவது பூஞ்சையே இல்லாத ஒரு நகத்தை மூன்று தடவை லேசரால் சுட்டிருக்கிறேன், அதற்குத் தனியாகக் காசும் கொடுத்திருக்கிறேன்.

கோபம் வந்தது உண்மை. கோபம் அடங்கியதும், லேசர் என்னதான் செய்கிறது என்று டாக்டரையே உட்காரவைத்துக் கேட்டேன், நானும் தேடிப் படித்தேன். நகத்துக்கு அதிகம் பயன்படுவது என்டி-யாக் லேசர், அலைநீளம் 1064 நானோமீட்டர். அது நகத்தைக் கடந்து அடியிலிருக்கும் படுகையைச் சூடாக்குகிறது. பூஞ்சையைக் கொல்ல ஐம்பது டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், அதைக் கொஞ்ச நேரமாவது நிறுத்திப்பிடிக்கவும் வேண்டும். ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டும்போதே நாம் காலை இழுத்துவிடுவோம். என் கால் தானாகப் பின்வாங்கியதே, அங்கேதான் முழுப் பிரச்சினையும். நாம் தாங்குகிற சூட்டில் பூஞ்சையும் ஓரளவு தாங்கிவிடுகிறது. தடித்த நகத்துக்கடியில் அது மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். என் நகத்தில் ஏறிய அந்த மஞ்சள் ஈட்டி அப்படிப்பட்ட மூட்டைதான். மருந்தும் அதற்குள் நுழையாது, சூடும் சரியாகப் போய்ச் சேராது. அதைச் செதுக்கி எடுத்தால்தான் வழி பிறக்கும்.

இன்னொரு வகை கார்பன் டை ஆக்சைடு லேசர். அது நகத்தில் நுண்ணிய துளைகளைப் போடுகிறது, அந்தத் துளை வழியே மேலே தடவும் மருந்து உள்ளே இறங்குகிறது. இங்கே லேசர் கொலைகாரன் இல்லை, கதவைத் திறந்துவிடும் காவல்காரன். எனக்கென்னவோ இந்த யோசனை முந்தையதை விட நேர்மையானதாகப் படுகிறது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நகத்துக்கான லேசர் கருவிகளுக்கு 2010 முதல் அனுமதி கொடுத்துவருகிறது. அந்த அனுமதியின் வாசகத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. பூஞ்சை பிடித்த நகத்தில் சுத்தமான பகுதியைத் தற்காலிகமாக அதிகரிக்கச் செய்வதற்கு என்றுதான் அதில் இருக்கிறது. குணமாகும் என்று இல்லை. எனக்கு நடந்தது எழுத்துக்கு எழுத்து அதுதான்: மூன்று மில்லிமீட்டர், தற்காலிகமாக. மேலே தடவும் மருந்துகளையும் கருவிகளையும் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 2020-ல் வந்தது. என்டி-யாக் லேசர் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரு வருட முடிவில் பூஞ்சை ஒழிந்த அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது போல என்றுதான் அது சொல்கிறது, ஆதாரம் வலுவில்லை என்ற குறிப்போடு.

மாத்திரை மட்டும் மந்திரமா என்றால், அதுவும் இல்லை. டெர்பினஃபின் மாத்திரையின் சோதனைகளில் 48 வாரத்தில் 70 சதவீதம் பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது, ஆனால் நகமும் முழுசாகத் தெளிந்தவர்கள் 38 சதவீதம்தான். தினமும் தடவும் எஃபினகோனசோல் திரவத்தை 48 வாரம் விடாமல் போட்டவர்களில் முழுக் குணம் 15 முதல் 18 சதவீதம். இந்த எண்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. என் நகம் மட்டும் பிடிவாதக்காரன் இல்லை, எல்லார் நகமும் அப்படித்தான்.

டாக்டர் என் ஈரல் பரிசோதனையைப் பார்த்தார், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். பிறகு டெர்பினஃபின், தினம் 250 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம். நான் இத்தனை நாள் ஓடி ஒளிந்த மாத்திரை அதுதான். எனக்கு ஈரல் தொந்தரவு எதுவும் வரவில்லை. ஆனால் ஐந்தாவது வாரம் நாக்கில் ருசி மங்கியது, எதைச் சாப்பிட்டாலும் அட்டை மாதிரி இருந்தது. இந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டாம். டாக்டரிடம் சொன்னேன், கவனித்துக்கொண்டே தொடரச் சொன்னார், முடித்த பிறகு மெல்லத் திரும்பி வந்தது. உங்களுக்கு வந்தால் நீங்களும் சொல்லிவிடுங்கள், நானாக முடிவெடுத்துத் தொடரவில்லை.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் நகம் பாதிகூட மாறியிருக்காது. நிறையப் பேர் இங்கேதான் மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் மருந்து நகத்துக்குள் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும். அந்தக் காத்திருப்புக் காலத்துக்காகத்தான் டாக்டர் அந்தக் கீறலைப் போட்டுக் கொடுத்தார்.

கூடவே இன்னொன்று செய்தார், எனக்கு மாத்திரையை விட அதன் மேல்தான் மரியாதை. மஞ்சள் ஈட்டி இருந்த பகுதியை நகத்தோடு சேர்த்துச் செதுக்கித் திறந்துவிட்டார். வலிக்கவில்லை, செத்த நகம்தானே. உள்ளே ஈரமான சீஸ் துருவல் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது, நாற்றமும் இருந்தது. அதன் பிறகு வாரம் ஒரு முறை வீட்டில் நானே தேய்த்தேன். இரவில் நாற்பது சதவீத யூரியா களிம்பை நகத்தின் மேல் மட்டும் பூசி, சுற்றியிருக்கும் தோலில் படாமல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். காலையில் நகம் ஊறிய தோல்பை மாதிரி மெத்தென்றிருக்கும், அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் கரைந்து வரும். அந்த அரம் அந்த ஒரு நகத்துக்கு மட்டும்தான். நகவெட்டியும் தனி. வலது காலுக்குத் தனி, வீட்டில் மற்றவர்களுக்குத் தனி.

திரும்ப வராமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு வேறு. நகத்துக்குப் பூஞ்சை பெரும்பாலும் கால்விரல் இடுக்கிலிருந்தும் உள்ளங்காலிலிருந்தும்தான் ஏறுகிறது. சேற்றுப்புண் என்று சாதாரணமாக விட்டுவிடுகிறோமே, அதேதான். என் நாலாவது ஐந்தாவது விரல் இடுக்கு மழைக்காலம்தோறும் வெளுத்து உரியும், உள்ளங்கால் ஓரம் மாவு பூசினது போல் செதில் விடும். தோல் வறட்சி என்றே நினைத்திருந்தேன். நகத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு இதை விட்டால், வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்த கதைதான். அதனால் காலுக்கும் களிம்பு போட்டேன், தோல் தெளிந்த பிறகும் சில வாரம் விடாமல் தொடர்ந்தேன்.

சாக்ஸை அறுபது டிகிரி வெந்நீரில் துவைத்தேன், ஒருநாள் போட்ட ஷூவுக்கு மறுநாள் ஓய்வு. இரண்டு பழைய ஷூவைத் தூக்கிப்போட்டேன். மனசு வரவில்லை, ஆனால் பூஞ்சை பல மாதம் உள்ளே உயிரோடு கிடக்கும் என்று தெரிந்த பிறகு அதைத் திரும்பப் போட மனசு வரவில்லை. வீட்டில் எல்லார் காலையும் உட்காரவைத்துப் பார்த்தேன். என் மகள் பாதத்தை உடனே இழுத்துக்கொண்டாள், "அப்பா, ச்சீ, என்ன இது!" என்றாள். அவள் காலில் ஒன்றுமில்லை. என் அக்காவுக்கு இருந்தது. அக்கா பத்து வருடமாக நகப்பூச்சால் மூடி வைத்திருந்தாளாம்.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. அவளும் லேசரைப் பற்றி விசாரித்து வைத்திருந்தாள். நான் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சூடு அதிகமாகிவிட்டது என்று சொல்லும் ஒரே அலாரம் நம் வலிதான். அது வேலை செய்யாத காலில் லேசர் புண்ணாக்கிவிட்டால் தெரியவே தெரியாது, சர்க்கரைக்காரருக்குக் கால் புண் விளையாட்டல்ல. நகப்பூச்சும் அப்படித்தான், நிறம் சூட்டை உறிஞ்சும், ஒரு துளி மிச்சமிருந்தாலும் அந்த இடம் சுடும். நகத்துக்கடியில் ரத்தம் கட்டிய கருப்பு இருந்தாலும் அதே கதை. நகத்தில் நீளவாக்கில் புதிதாக ஒரு கருங்கோடு தோன்றினால் லேசர், களிம்பு எதையும் யோசிக்காமல் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அரிதாக அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கும், சுட்டு மறைத்தால் கண்டுபிடிக்கும் நேரம் போய்விடும்.

அப்படியானால் லேசர் யாருக்கு என்று என் டாக்டரிடமே கேட்டேன். ஈரல் கோளாறு உள்ளவர்கள், மாத்திரையோடு மோதும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் என்றால், நகத்தை நன்றாக மெலிதாக்கி, தடவும் மருந்தையும் விடாமல் போட்டுக்கொண்டு, அதோடு சேர்த்து ஒரு துணையாக லேசரை முயலலாம் என்றார். "தனியா அது மட்டும் போதும்னு சொல்றவங்ககிட்ட, எந்த டெஸ்ட்ல வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிக் காட்டுவீங்களான்னு கேளுங்க." நான் முதலில் போன இடத்தில் இந்த இரண்டு கேள்வியைக் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவ்வப்போது யோசிப்பேன். ஒருவேளை சரியான பதிலே சொல்லியிருக்கலாம், நான்தான் கேட்கவில்லை.

கீறலுக்கு வருகிறேன். புத்தகக் கணக்கு மாதம் ஒன்றரை மில்லிமீட்டர். என் நகம் அதை மதிக்கவில்லை, ஒன்றைத் தொட்டாலே அதிகம். வயது ஏற ஏறக் கால் நகம் மெத்தனமாகும் என்றார் டாக்டர். மாதம் ஆக ஆகக் கோடு தேய்ந்து மங்கும், அதே இடத்தில் மறுபடி லேசாகக் கீறிக்கொள்வேன். நான்காம் மாதம் வரை பயந்துகொண்டே அளந்தேன். மஞ்சள் கோட்டைத் தாண்டவில்லை. எட்டாம் மாதம் கோடு நகத்தின் பாதியைக் கடந்தது, அதற்குப் பின்னால் வந்த நகத்தில் விரல் சதையின் நிறம் தெரிந்தது. அளவுகோலை எடுத்துப்போய் என் மகளிடம் காட்டினேன், இந்த முறை அவள் "ச்சீ" சொல்லவில்லை.

வலது காலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு நம்பர் பெரிய ஷூ மட்டும்தான். கால் படம் வரைந்த அந்தத் தாளை மடித்துக் கடைக்கு எடுத்துப் போனேன். பெட்டியிலிருந்து எடுத்த ஷூவை ஒவ்வொன்றாகத் தாளின் மேல் வைத்துப் பார்த்ததைக் கடைக்காரப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்த நகம் இன்னும் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் அடிபட்ட வேர், முழுசாகப் பழைய நிலைக்கு வராமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இப்போது நகவெட்டி அதில் நுழைகிறது.

பதினான்காம் மாதம் கோடு நுனிக்கு வந்துவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த கடைசி மஞ்சள் துண்டு, அரைப் பிறை அளவு இருக்கும். வெட்டினேன். குப்பையில் போடப்போனவன் நின்று, அதை ஒரு சின்ன உறையில் போட்டு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்தார். "இது நுனி, இதுல ஒண்ணும் தெரியாது, காலைக் காட்டுங்க" என்று சொல்லி, நல்ல நகத்துக்கடியிலிருந்து புதிதாகச் சுரண்டி எடுத்து அனுப்பினார்.

நாலு வாரம் கழித்து வந்தது. எதுவும் வளரவில்லை.

மூலையில் மட்டும் நகம் லேசாகப் படுகையை விட்டு விலகியே இருக்கிறது, ஒரு கடுகு நுழையும் இடைவெளி. அங்கே தண்ணீர் தங்கக் கூடாது என்று குளித்ததும் ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். குளியலறை வாசலில் நின்று காலுக்கு டிரையர் பிடிப்பதைப் பார்த்து வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.